தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு வழு அறிக்கை

புத்தகப் பக்கங்களை வடிவமைக்க உதவும் இலவச மென்பொருள் ஸ்கிரைபஸ். அதன் 1.4 பதிப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். ‘கெ’ என்று இருக்க வேண்டிய இடத்தில் முதலில் ககரம், அதற்குப் பின்னால் கொம்பு. எழுத்தின் துண்டுகளைச் சேர்த்து உரிய வரிசையில் வைக்கும் வசதியே அந்தப் பதிப்பில் கிடையாது. 2017இல் 1.5.3 வந்தபோதுதான் வழி பிறந்தது. ஓமானில் ஒரு குழு அரபிக்காக உட்கார்ந்து செய்த வேலை அது. அதே வேலையில் தமிழும் சரியாகிவிட்டது. இன்றைக்கும் அவர்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் 1.5 வரிசை முழுவதும் சோதனைப் பதிப்பு. புத்தக வேலைக்கு இதை நம்ப வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருந்தார்கள். இதில் சேமித்த ஃபைலை 1.4இல் திறக்கவும் முடியாது. நிலையான பதிப்பான 1.6.0 வெளிவந்தது 2024 ஜனவரியில். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும், ஸ்கிரைபஸில் தமிழ்ப் புத்தகம் போட நினைத்த எவரும் தானாகவே சோதனையாளர் ஆகிவிட்டார். பழைய பதிப்பில் தமிழ் இல்லை, புதிய பதிப்பு இன்னும் முடியவில்லை. வேறு என்ன செய்ய?

நானும் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தேன். மதுரையில் சிறிய அளவில் புத்தக லேஅவுட் செய்கிறேன். கவிதை, ஆய்வு நூல், ஊர் வரலாறு, மலர் என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு புத்தகத்தின் ஃபோல்டரிலும் அதைச் செய்ய உதவிய ஸ்கிரைபஸ் பதிப்பின் ஆப்இமேஜ் ஃபைலையும் (நிறுவாமலே லினக்ஸில் ஓடும் ஒற்றை ஃபைல்) சேர்த்தே வைத்துவிடுவது அப்போது பழகியது. மறுபதிப்பு என்று பதிப்பாளர் மூன்று வருடம் கழித்து வந்து நின்றால், அதே பதிப்பில் திறந்தால்தான் வரி முறிவு மாறாமல் இருக்கும். சோதனைப் பதிப்பில் வேலை செய்கிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். மென்பொருளையும் ஃபைலோடு கட்டி வையுங்கள்.

இப்போது பெரும்பாலும் நான் சோதிப்பது லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பு. எழுத்தாளர்கள் அனுப்புகிற கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் முதலில் அதன் எழுத்துச் செயலியான ரைட்டரில்தான் திறக்கின்றன. வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள், பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. 2024 தொடக்கத்தில் வந்த 24.2இல் இருந்து பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமுமாக ஆகிவிட்டது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் முன்னால் ஆல்ஃபா, பீட்டா, அப்புறம் கிட்டத்தட்ட முடிந்த நிலையில் ஆர்சி என்று முன்வெளியீடுகள் வரும். பிப்ரவரிப் பதிப்பின் பீட்டா டிசம்பரில் வந்துவிடும்.

டிசம்பர் என்றால் எங்களுக்குச் சென்னைப் புத்தகக் காட்சிக்கான அவசரம். எல்லாப் பதிப்பாளர்களுக்கும் எல்லாப் புத்தகமும் அதற்குள் வேண்டும். அந்த மாதத்தில் பீட்டாவை இறக்கிச் சோதிப்பது வேண்டாத வேலை என்று வீட்டிலும் சொல்வார்கள், அலுவலகத்திலும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதவிதமான ஃபைல்கள் என் மேசையில் குவிந்து கிடப்பது அந்த மாதத்தில்தான். அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வேடு, அட்டவணைகள், கிரந்தம் கலந்த சோதிடப் புத்தகம், வேர்டில் யாரோ பத்துமுறை மாற்றிய டாக்எக்ஸ் ஃபைல் எல்லாம் அப்போது கையில் இருக்கும். செயற்கையாக உட்கார்ந்து உருவாக்கினாலும் இவ்வளவு நல்ல சோதனைப் பொருள் கிடைக்காது.

பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. லிப்ரே ஆஃபிஸின் ஆல்ஃபாவும் பீட்டாவும் ‘லிப்ரே ஆஃபிஸ் டெவ்’ என்ற பெயரில் தனியாக நிறுவிக்கொள்ளும். உங்கள் அமைப்புகளைத் தொடாது, பழைய பதிப்பு பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். ஆர்சி அப்படி இல்லை. அது பழையதன் மேலேயே உட்கார்ந்துவிடும். வேலை நடக்கிற கணினியில் பீட்டா போடலாம், ஆர்சி வேண்டாம் என்பது என் கணக்கு. எதுவானாலும் நகல் ஃபைலைத்தான் திறக்க வேண்டும்.

சோதனைக்கென்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன். வருடா வருடம் அது வளர்கிறது. ‘ஸ்ரீ’ இரண்டு விதமாக இருக்கும். வழக்கமான ஸகரத்தால் எழுதியது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தால் எழுதியது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். ‘கொ’வும் இரண்டு விதம். ஒற்றை உயிர்க்குறியாக உள்ளிட்டது, கொம்பும் காலும் தனித்தனியாக உள்ளிட்டது. யூனிகோட் விதிப்படி இவை இரண்டும் சமம். ஒன்றைத் தேடினால் மற்றதும் அகப்பட வேண்டும். அகப்படுகிறதா என்று பார்ப்பேன். பிறகு பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ‘போ’ என்று தொடங்கும் பத்தியில் முழுப் ‘போ’வும் பெரிதாக வேண்டும், கால் மட்டும் சிறியதாகப் பின்னால் நிற்கக் கூடாது. எழுத்து இடைவெளியைக் கூட்டிப் பார்ப்பது, இருபக்கமும் சீராக்கிப் பார்ப்பது, பிடிஎஃப் ஆக்கி அதிலிருந்து நகலெடுத்து மறுபடி ஒட்டிப் பார்ப்பது எல்லாம் அந்த ஃபைலில் நடக்கும். டாக்எக்ஸாகச் சேமித்து மூடித் திறப்பதும் கட்டாயம். பதிப்பாளர்களோடு போய்வருவது அந்த வடிவம்தான்.

எல்லா விநோதமும் வழு அல்ல, அதாவது மென்பொருளின் பிழை அல்ல. ‘கௌரி’யைத் தேடினால் அகப்படவில்லை என்று ஒரு பதிப்பாளர் மிகவும் கோபப்பட்டார். ஃபைலைத் திறந்து பார்த்தால் தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரத்தைப் போடுவதும் இதே இனம். ரைட்டரில் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் அது யூனிகோட் எண்ணாக மாறிவிடும், மறுபடி அழுத்தினால் எழுத்தாகிவிடும். சந்தேகம் வந்தால் முதலில் இதைச் செய்துவிடுங்கள். எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லை என்பது இன்னொரு வழக்கமான புகார். லிப்ரே ஆஃபிஸ் மேலை எழுத்து, கிழக்காசிய எழுத்து, சிக்கலான எழுத்தமைப்பு என்று மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. தமிழ் மூன்றாவது. எழுத்துருவை அந்தப் பிரிவில்தான் மாற்ற வேண்டும்.

சரி, உண்மையாகவே வழு என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, யாருடையது? ஒரு தமிழ்ச் சொல் திரையில் தெரிவதற்குள் பல கைகள் மாறுகிறது. உள்ளீட்டு மென்பொருள், செயலி, எழுத்துகளைச் சேர்த்து வடிவம் தரும் ஹார்ஃப்பஸ், எழுத்துரு, கடைசியாகத் திரையில் வரைகிற பகுதி. தப்பான வாசலில் போய்ப் புகார் வைத்தால் இரண்டு பக்கமும் நேரம் போகும். லிப்ரே ஆஃபிஸில் முன்பு இது இன்னும் கடினம். விண்டோஸில் ஒரு இயந்திரம், மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று என்று எழுத்து வடிவமைப்பு தனித்தனியாக நடந்தது. 2017இல் வந்த 5.3 பதிப்பில்தான் எல்லா இடத்திலும் ஹார்ஃப்பஸ் என்று ஆனது. ஸ்கிரைபஸில் தமிழ் வந்ததும் அதே வருடம் என்பதால் 2017 எனக்கு மறக்காது.

எப்படிப் பிரித்தறிவது என்பதை ஒரு அனுபவத்தோடு சொல்கிறேன். ஒரு வடிவமைப்பு மென்பொருளின் முன்வெளியீடு. பெயர் வேண்டாம், அந்த வழு சரியாகி ரொம்ப நாளாயிற்று. ஒரு கவிதைத் தொகுப்பின் முன்னுரையை அதில் போட்டிருந்தேன். மெய்ப்பு பார்க்கிற பெண், “அக்கா, இந்த வரியில ‘தோழி’யோட கால் தள்ளி நிக்குது, பாருங்க” என்றாள். ஏகாரக் கொம்பும் தகரமும் ஒட்டி இருந்தன, கால் மட்டும் ஒரு முடி அகலம் விலகி நின்றது. அடுத்த வரியில் அதே சொல் சரியாக இருந்தது.

முதலில் முன்னுரையைப் பாதியாக வெட்டினேன். வழு இருந்தது. இன்னும் பாதி. இருந்தது. கடைசியில் ஒரே பத்தி, அதில் இரண்டே வரி. அப்புறம் எழுத்துருவை மாற்றினேன். நோட்டோ செரிஃப் தமிழ், லோஹித், மீரா இனிமை மூன்றிலும் கால் விலகியது. ஆக, எழுத்துருவில் குறையில்லை. ஹார்ஃப்பஸோடு ஹெச்பி-வியூ என்று ஒரு சின்னக் கருவி வரும். எழுத்துருவையும் சொல்லையும் கொடுத்தால், நடுவில் வேறு எந்தச் செயலியும் இல்லாமல் படமாக வரைந்து தரும். அதில் ‘தோழி’ அழகாக இருந்தது. ஆக, ஹார்ஃப்பஸும் இல்லை. பத்தியை இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக்கினேன், வழு மறைந்தது. இருபக்கமும் சீராக்கினேன், திரும்பி வந்தது. பத்தியின் கடைசி வரியில் வரவே இல்லை. சீராக்கும்போது கடைசி வரியை இழுப்பதில்லை அல்லவா? அப்படியென்றால் வரியை இழுத்து நிரப்புகிற கட்டத்தில் எழுத்தின் துண்டுகளுக்கு நடுவிலும் இடைவெளி விழுகிறது. ஒரு வரி நிரல்கூட படிக்காமல் இவ்வளவு தூரம் வர முடிந்தது.

இனிமேல்தான் கடினமான பகுதி. இதை வழு அறிக்கையாக எழுத வேண்டும், அதைப் படித்துத் திருத்தப் போகிற நிரலாளருக்குத் தமிழ் தெரியாது. பெரும்பாலும் ஒரு எழுத்தைக்கூட அடையாளம் தெரியாது. நமக்குக் கண்ணில் குத்துகிற கோளாறு அவருக்குச் சும்மா சில வளைவுகள். தமிழ் சரியாகத் தெரியவில்லை என்று எழுதி ஒரு படத்தைப் போட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிப்பட்ட அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எழுதியவர்களின் ஆதங்கம் முழுக்க நியாயம்தான். ஆனால் படிக்கிறவருக்குப் பிடிமானம் இல்லை.

நான் எழுதியது இப்படி. படத்தில் இரண்டு சொற்கள், மேலே தவறானது, கீழே சரியானது. தவறான இடத்தில் சிவப்பு வட்டம். கொம்பு, தகரம், கால் மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து, இவற்றுக்கு நடுவில் ஒருபோதும் இடைவெளி வரக் கூடாது என்று ஒரு வாக்கியம். சொல்லில் உள்ள ஒவ்வொரு குறியின் யூனிகோட் எண். புதிய ஆவணம் திற, இந்த வரியை ஒட்டு, இந்த எழுத்துருவைத் தேர்ந்தெடு, அகலத்தை இவ்வளவு வை, இருபக்கமும் சீராக்கு என்று படிப்படியாக வழி. என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. எழுத்துரு மாற்றியும் ஹெச்பி-வியூவிலும் பார்த்ததன் முடிவு. பதிப்பு, இயங்குதளம். கூடவே இரண்டு வரி மட்டும் உள்ள ஃபைல். ஆங்கிலம் எளிய ஆங்கிலம்தான், சின்னச் சின்ன வாக்கியங்கள். படிக்கிறவரிலும் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதால் அதுவே நல்லது.

ஃபைல் பற்றி ஒரு எச்சரிக்கை. வழுப்பதிவில் இணைப்பது எல்லாம் பொதுவெளி, யாரும் இறக்கிக்கொள்ளலாம். இன்னும் அச்சாகாத ஒருவருடைய கவிதையை அங்கே வைக்க நமக்கு உரிமை இல்லை. நான் ‘தோழி’யை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நானே எழுதிய சாதாரண வரிகளால் நிரப்பினேன். வழு அப்படியும் வருகிறதா என்று மறுபடி பார்த்துவிட்டுத்தான் இணைத்தேன்.

பதில் வந்தது, வேறு மொழியின் எழுத்திலும் இப்படி நடக்குமா என்று நிரலாளர் கேட்டிருந்தார். மலையாளத்திலும் இதுபோல இருபக்கமும் வரும் உயிர்க்குறி உண்டு. அதில் ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் விலகியது. அந்தத் தகவல் அவருக்குப் போதுமாக இருந்தது. தமிழுக்கென்று தனி ஒட்டு போடாமல் மொத்தமாகச் சரி செய்தார். அடுத்து வந்த தினசரிப் பதிப்பை இறக்கி, சரியாகிவிட்டது என்று அதே பதிவில் எழுதினேன். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருத்தியவருக்குத் தமிழ் தெரியாதபோது, சரியாயிற்று என்று சொல்லத் தகுதியான கண் நம்முடையது மட்டும்தான்.

முந்தைய பதிப்பில் நன்றாக இருந்து புதியதில் உடைந்ததென்றால் அதை அறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அது பெரிய தகவல். லிப்ரே ஆஃபிஸில் இதற்கு பிபிசெக்ட் என்று ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஒரு பதிப்புக் காலத்தில் உருவான ஆயிரக்கணக்கான இடைநிலைப் பதிப்புகளை, ஓடக்கூடிய நிலையிலேயே, கிட் (மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் மென்பொருள்) களஞ்சியமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள ஒன்றைத் திறக்க வேண்டும். வழு இல்லையென்றால் ‘நல்லது’, இருந்தால் ‘கெட்டது’ என்று சொல்ல வேண்டும். மிச்சத்தில் பாதி கழிந்துவிடும். எட்டாயிரம் பதிப்புகள் இருந்தாலும் பதின்மூன்று முறை திறந்து மூடினால் வழு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று அகப்பட்டுவிடும். இறக்குவது பல ஜிபி, அதற்கு இரவு முழுக்க இணையம் ஓட வேண்டும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பீட்டா நிலையிலேயே இது நடந்தால், அந்த மாற்றத்தைச் செய்தவருக்கு ஏன் செய்தோம் என்பது இன்னும் நினைவில் இருக்கும். ஒரு வருடம் போனால் அவரே வேறு வேலைக்குப் போயிருப்பார், அந்த மாற்றத்தின் மேல் இன்னும் நூறு மாற்றங்கள் ஏறியிருக்கும்.

இன்னொன்று, இதை எழுத உட்கார்ந்ததற்கே பாதிக் காரணம் இதுதான். லிப்ரே ஆஃபிஸின் வழுக்களைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் புதிதாகப் பதிகிற எந்த வழுவும் ‘உறுதிசெய்யப்படாதது’ என்றுதான் தொடங்கும். பதிந்தவரே அதை உறுதிசெய்யக் கூடாது, இன்னொருவர் தன் கணினியில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கில வழுவுக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. தமிழ் வழுவுக்கு? படமும் வழியும் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பார்க்கிற தன்னார்வலருக்குத் தயக்கம் இருக்கும். தமிழ் தெரிந்த இரண்டாவது ஒருவர் வந்து, விண்டோஸ் 11இல் இந்தப் பதிப்பில் எனக்கும் இதே நடக்கிறது என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பதிவு நகரும். ‘உதவி’ மெனுவில் ‘பற்றி’ சாளரத்தைத் திறந்தால் பதிப்பு விவரங்களை ஒரே சொடுக்கில் நகலெடுக்கலாம், அதையும் ஒட்டிவிட்டால் போதும். பத்து நிமிட வேலை. புதிதாக வழு கண்டுபிடிக்கத் தேவையில்லை. தேடலில் தமிழ் என்று போட்டு, காத்துக் கிடக்கிற ஒரு பதிவை எடுத்துச் செய்து பாருங்கள். உங்கள் கணினியில் வழு வரவில்லையென்றால் அதையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

கூடுதல் தகவல் வேண்டும் என்று நிலை மாறினால் மனம் வருந்த வேண்டாம். நம்மை நம்பாமல் கேட்கவில்லை, அவர் கணினியில் வரவில்லை, அவ்வளவே. ஆனால் பதில் போடாமல் விட்டுவிட்டால் பல மாதம் கழித்துப் போதிய தகவல் இல்லை என்று மூடிவிடுவார்கள். நல்ல தமிழ் வழுக்கள் சில இப்படி மூடிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அடுத்த பீட்டாவில் நான் முதலில் பார்க்கப் போவது சொல்லடைவின் அகரவரிசை. ஆய்தம் எங்கே வருகிறது, ‘க்’ முதலிலா ‘க’ முதலிலா, கிரந்த எழுத்துகள் வகரத்துக்கு முன்னாலா கடைசியிலா, ‘ஸ்ரீ’யின் இரண்டு வடிவமும் ஒரே இடத்தில் சேர்கின்றனவா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஐம்பது சொற்களை வைத்து ஃபைல் தயாராக இருக்கிறது. என்னிடம் லினக்ஸும் ஒரு பழைய விண்டோஸ் மடிக்கணினியும்தான் இருக்கின்றன. மேக் வைத்திருக்கிற ஒருவர் அதே ஃபைலைத் திறந்து, சொற்கள் எந்த வரிசையில் விழுகின்றன என்று பார்த்துச் சொன்னால் மூன்றையும் ஒரே பதிவில் சேர்த்துவிடலாம்.